நான் உள்ளே தள்ளிப் போட்ட கோடு

அன்பு மகள்,

கடைக்கு மேலேதான் வீடு. இந்த நேரம் நீ மேலே உன் அம்மாவோடு இருந்து அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருப்பாய். படியடியில் நின்று ஒரு தரம் கூப்பிட்டால் இறங்கி வந்துவிடுவாய். அப்படியிருக்க இந்த மனிசன் ஏன் கடதாசியோடும் பேனையோடும் மல்லுக்கட்டுகிறார் என்று நினைப்பாய். காரணம் உனக்குத் தெரிந்ததுதான். நேரே நின்று கதைத்தால் இரண்டாவது வசனத்திலேயே நான் பகிடிக்குள் நழுவிவிடுவேன். நீயும் சிரித்துவிடுவாய். சொல்ல வந்தது தொண்டையிலேயே கிடந்துவிடும். கடதாசி சிரிக்காது, ஆகவே அதனிடம் வந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசி. எழுத்துப் பிழைகளைத்தான் சொல்கிறேன். மற்றப் பிழையைப் பொறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் இருந்தோம். கஜன், அவருடைய தாய் தகப்பன், நாங்கள் மூன்று பேர். கதை கொஞ்சம் ஓய்ந்தது. ஒரு கதை ஓய்ந்தால் எனக்கு வாய் கடிக்கும். உடனே என்னுடைய அந்தப் பழைய கதையை எடுத்து விட்டேன். மகள் பதினோராம் வகுப்பில் படிக்கும்போது கணக்குக்கு வரைபு கீறிக்கொண்டு வரச் சொன்னார்களாம், இவள் பிளவுஸ் கழுத்து ஒன்றைக் கீறிக் கொடுத்தாளாம், கணக்கு மிஸ் பெரிய முட்டை போட்டு அனுப்பினாவாம், டெயிலரின் மகள் வேறு எதைக் கீறுவாள் என்று கேட்டேன். கஜனின் தகப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். கஜன் சிரித்தார். நீ கையில் இருந்த வடைத் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, அப்பா தொடங்கிவிட்டார் என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குப் பரம சந்தோஷம். சம்பந்தி வீட்டையும் வென்றாயிற்று என்று நினைத்துக்கொண்டு த்ரீவீலில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் மாமியார் தனியாகக் கடைக்கு வந்தா. கல்யாணத்துக்குத் தைக்க வேண்டிய சட்டைக்கு அளவுச் சட்டை கொண்டு வந்திருந்தா. நான் அதை மேசையில் விரித்து நாடாவைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவ கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பொத்தான்களைப் பார்த்தா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னா.

"அண்ணை, ஒண்டு சொன்னாக் குறை நினைக்கக் கூடாது. அந்தக் கழுத்துக் கதையைக் கல்யாண வீட்டிலை சொல்லாதேங்கோ."

நான் வழக்கம்போல, ஏன், மாப்பிள்ளை கணக்குத் தெரியாத பெம்பிளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாரோ என்று கேட்டேன். அவ சிரிக்கவில்லை.

"எங்களுக்கு நடந்தது தெரியும் அண்ணை. பிள்ளை போன வருசமே சொன்னவ. அப்பா ஒரு நாள் இந்தக் கதையைச் சொல்லுவார், சொல்லேக்கை சிரியுங்கோ, அவருக்கு அது வேணும் எண்டு கேட்டவ. ஞாயிற்றுக்கிழமை எங்களாலை ஏலுமான அளவு சிரிச்சனாங்கள்."

உன் அப்பா அளவு பிழைத்து எழுதியதை நீ ஒரு நாளும் கண்டதில்லை. அன்று கண்டிருக்கலாம். கை அளவைக் கழுத்துக்கும் கழுத்தளவைக் கைக்குமாக எழுதிவிட்டு, வெட்டி, திரும்ப எழுதினேன். அவ போன பிறகு மெஷினுக்கு முன்னால் இருந்தேன், மிதிக்கவில்லை. பதினொரு வருஷமாக நான் சபையைச் சிரிக்க வைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு நோகக் கூடாது என்று நீதான் சபையை ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறாய்.

ஆகவே அந்தக் காலையை இன்று நான் சரியாகச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நீ அதைக் கேட்டதே இல்லை.

உனக்கு அன்று கணக்கு ஒப்படையை மிஸ்ஸிடம் கொடுக்கிற கடைசி நாள். முதல் நாளே எல்லாம் முடித்து, வரைபுத்தாளை வெட்டு மேசையில் வைத்துவிட்டு, காலையில் குளிக்கப் போயிருந்தாய். நான் கடை திறக்க இறங்கியபோது அதைக் கண்டேன். சின்னச் சின்னப் பெட்டி போட்ட தாள். அதில் பென்சிலால் ஒரு சரிந்த நேர்கோடு. கூடவே கழுத்து மாதிரி ஒரு வளைவு, இரண்டு பக்கமும் மேலே ஏறிப்போகிற ஆழக் கழுத்து. வளைவு நெடுகப் பெருக்கல் குறி மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளடிகள். எனக்கு உன்னில் அன்பு பொங்கியது. இவ்வளவு படித்த பிள்ளை, பென்சிலால் நடுங்க நடுங்கக் கீறி வைத்திருக்கிறதே, இதை மைப்பேனையால் நல்லாகப் போட்டுக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். கழுத்து வெட்டுகிற என் வளைந்த அடிமட்டத்தை எடுத்தேன்.

இனித்தான் டெயிலரின் மூளை வேலை செய்தது. கழுத்தை வரைந்த கோட்டிலேயே வெட்டினால், தைத்து மடித்த பிறகு கழுத்து அகன்று தோளால் வழியும். அதனால் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் வெட்டுவோம். இது எனக்கு யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகச் செய்கிற வேலை. என் கை உன் வளைவையும் இரண்டு சின்னப் பெட்டி உள்ளே தள்ளி, வழவழவென்று ஒரே இழுப்பில் மையால் போட்டது. நேர்கோட்டை மட்டும் இருந்தபடியே போட்டேன், அது நேர்கோடுதானே. பிறகு அழிறப்பரை எடுத்து உன் பென்சில் கோட்டையும் அந்தப் புள்ளடிகளையும் ஒன்று விடாமல் அழித்தேன். தைக்க முதல் வெள்ளை நூலால் பெரிய பெரிய ஓட்டமாக ஓடி வைப்போம், மெஷின் தையல் விழுந்ததும் அதை உருவி எறிவோம், இல்லையா? உன் புள்ளடிகளை நான் அப்படித்தான் நினைத்தேன். உருவி எறிந்தேன்.

நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாய். நான் தாளைத் தூக்கிக் காட்டினேன். நீ பார்த்தாய். உன் முகத்தில் ஏதோ வந்ததும் நான் கண்டேன், போனதும் கண்டேன். பள்ளிக்கூட வான் ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் அடிக்கிறது. திரும்பக் கீற நேரமில்லை. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அப்பா" என்றாய். அதோடு போய்விட்டாய். பதினாறு வயது உனக்கு.

அடுத்த கிழமை என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். இருக்கிற சேர்ட்டுகளில் நல்லதைப் போட்டுக்கொண்டு வந்தேன். நீ பக்கத்தில் நிற்க, மிஸ் தாளை மேசையில் வைத்தா. என் மை பளபளவென்று இருந்தது. கீழே உன் எழுத்தில் இரண்டு விடை.

மிஸ் கோபக்காரி இல்லை. ஆறுதலாகத்தான் கேட்டா. "விடை சரி. ஆனா இந்தப் படத்திலை கோடுகள் வெட்டுறது அந்த இடத்திலை இல்லை. இந்தப் படத்தைப் பாத்து இந்த விடையை எடுக்கேலாது. அப்ப விடை எங்க இருந்து வந்தது? இதை ஆர் கீறினது?"

நீ என்னைப் பார்த்தாய். இதை மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. நீ கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. அப்பா இப்போது சொல்லுவார் என்ற நம்பிக்கையோடு பார்த்தாய். நான் சொன்னது இது. "மிஸ், எனக்குத் தெரிஞ்சது கை அளவும் கழுத்து அளவும். கணக்கும் நானும் ஐஞ்சாம் வகுப்பிலையே கோவம். இது முழுக்க இவவின்ரை கைவேலை."

மிஸ் சிரித்துவிட்டா. பக்கத்து மேசையில் இருந்த இன்னொரு மிஸ்ஸும் சிரித்தா. நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நான்தான் மிஸ் கீறினேன் என்றாய். விடை எங்கிருந்து வந்தது என்பதற்கு நீ பதில் சொல்லவில்லை. சொல்ல வெளிக்கிட்டால் என்னைத்தான் சொல்ல வேண்டும். மிஸ் சிவப்பு மையால் பூச்சியம் போட்டா. பார்த்து எழுதிய பிள்ளையைப் போட்டிக்கு அனுப்ப முடியாது என்றா. பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான கணிதப் போட்டிக்குத் தெரிந்தெடுத்த நாலு பேரில் நீ ஒருத்தி என்று எனக்கு அப்போதுதான் தெரியும். நீ வீட்டில் சொல்லவில்லை. போட்டி முடிந்து வென்ற பிறகு சொல்ல வைத்திருந்தாயோ என்னவோ.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். மேசைக்கு அந்தப் பக்கம் படித்தவர்கள், இந்தப் பக்கம் நான். பிள்ளையின் படிப்பைத் தொட்டுக் கெடுத்த முட்டாள் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று வெட்கம் வந்தது. வெட்கம் வந்தால் என் வாயில் பகிடி வரும், சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். அவர்கள் சிரித்ததும் தப்பிவிட்டேன் என்று மூச்சு வந்தது. உன்னைக் கொடுத்துத்தான் தப்பினேன் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

பஸ்ஸில் நான் கேட்டேன், அப்படி அதில் என்ன பிழை என்று. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். நீ கொப்பியைத் திறந்து எனக்குச் சொல்லித் தந்தாய். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவதும், அந்த எண்ணோடு மூன்றைக் கூட்டினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த எண் எது என்பதுதான் கேள்வி என்றாய். பெருக்கி வருகிறதை எல்லாம் புள்ளியாகக் குறித்துத் தொடுத்தால் வளைவு. மூன்றைக் கூட்டி வருகிறதைத் தொடுத்தால் நேர்கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் இரண்டுக்கும் ஒரே உயரம். அங்கேயிருந்து நேரே கீழே இறங்கிப் பார்த்தால் விடை. முன் துண்டும் பின் துண்டும் தோளில் வந்து பொருந்துகிற மாதிரியோ என்று கேட்டேன். ஓம் அப்பா, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாய். வளைவைக் கொஞ்சம் உள்ளே எடுத்தாலும் வெட்டுகிற இடம் மாறிவிடும், விடையும் மாறிவிடும் என்றாய். யார் உள்ளே எடுத்தது என்று நீ சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பம்பலப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தை வரைக்கும் நேரம் இருந்தது. நான் சொன்னேன், "அப்ப கழுத்து இறுகிப்போச்சு எண்டு சொல்லன்." நீ சிரித்தாய்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, பள்ளிக்கூடத்தில் என்னவாம் என்று கேட்டா. உன் மகள் கணக்குக்குப் பிளவுஸ் கழுத்துக் கீறிக் கொடுத்திருக்கிறாள் என்றேன். அம்மா சிரித்தா. கதை அப்படித்தான் பிறந்தது. பிறகு உன் சித்தப்பா வீட்டில் சொன்னேன், கடையில் சொன்னேன், கோயில் மண்டபத்தில் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை கொழுத்தது. உன் சித்தப்பாவின் பிள்ளைகள் உன்னைக் "கழுத்துக் கணக்கு" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இன்னும் கூப்பிடுகிறார்கள். நானும் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நீ ஒரு கொப்பியையும் வெட்டு மேசையில் வைத்ததில்லை. சோதனையில் கணிதத்துக்கு ஏ எடுத்தாய், உயர்தரத்துக்குக் கணிதம் வேண்டாம், வர்த்தகம் படிக்கப் போகிறேன் என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்ற பயம். இன்று நீ கொள்ளுப்பிட்டியில் நல்ல கந்தோரில் நல்ல வேலையில் இருக்கிறாய். அந்தத் தாளால்தான் உன் பாதை மாறியது என்று நான் சொல்லவில்லை, மாறவில்லை என்றும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது உனக்குத்தான் தெரியும்.

மாமியார் வந்து போன அடுத்த நாள் பழைய பேப்பர் அளவுகளைத் துப்புரவாக்கினேன். ஆருக்கோ வெட்டிய பிறவுண் பேப்பர் ஒன்றைத் திருப்பினால், நீ உன் கையாலேயே பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு அந்த வரைபைத் திரும்பக் கீறி வைத்திருக்கிறாய். பென்சிலால்தான். புள்ளடிகள் எல்லாம் இருக்கின்றன. மூலையில் திகதி, அதே நாள், நாங்கள் பஸ்ஸில் வந்த நாள். பூச்சியம் போட்ட பிறகு ஆருக்காகக் கீறினாய்? ஒருத்தருக்கும் காட்டவில்லையே. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வளைவும் கோடும் வலப்பக்கத்தில் வெட்டுகிற இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தினேன். மூலைமட்டத்தை வைத்து நேரே கீழே இறக்கினேன். இரண்டு தசம் மூன்று. கல்குலேட்டரை எடுத்து இரண்டு தசம் மூன்றை அதே எண்ணால் பெருக்கினேன், ஐந்து தசம் இரண்டு ஒன்பது வந்தது. இரண்டு தசம் மூன்றோடு மூன்றைக் கூட்டினேன், ஐந்து தசம் மூன்று. ஒரு நூல் வித்தியாசம். என் கோட்டின்படி என்றால் இரண்டுக்குக் கிட்ட வரும். அதையும் போட்டுப் பார்த்தேன். பெருக்கினால் நாலு, கூட்டினால் ஐந்து. ஒரு சட்டையில் முன்னுக்கும் பின்னுக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்தால் நானே பிரித்து எறிவேன். ஐம்பத்தாறு வயதில் உன் அப்பா ஒரு சமன்பாட்டைத் தீர்த்தார் மகள். மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் போல இருந்தது. பிறகு எதைக் காட்டுகிறோம் என்று நினைத்ததும் அந்த ஆசை போய்விட்டது.

நேற்று அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "பதினொரு வருசம் என்னையும் சேத்துச் சிரிக்க வச்சிருக்கிறியள்" என்றா. அதற்குப் பிறகும் தேத்தண்ணி வருகிறது, கோப்பை வைக்கிற சத்தம் மட்டும் வழமையை விடக் கொஞ்சம் பெரிது.

கல்யாணத்துக்கு முதல் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்கு இருக்கிறது ஒன்றே ஒன்றுதான், அதையும் உன்னிடம் இருந்து எடுத்துத்தான் உனக்குத் தருகிறேன். ஒருத்தன் சந்தோஷமாக நிற்கிறான் என்பதற்காக, அவன் கெடுத்த வேலையை நல்லா இருக்கு என்று சொல்லாதே. கஜன் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளும் அன்பிலே போய் உன் கோட்டுக்கு மேலே கோடு போடுவார்கள். அன்றைக்கே சொல்லு, வான் ஹோர்ன் அடித்தாலும் சொல்லு. அந்தக் காலையில் நீ என் கையில் இருந்து தாளைப் பறித்து, அப்பா இதைக் கெடுத்துப்போட்டீர்கள் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பேன். மூன்றாம் நாள் சரியாகியிருப்பேன். குற்றத்தை உன்னில் போடுகிறேன் என்று நினைக்காதே. சத்தம் போட முடியாத அளவுக்கு உன்னை வளர்த்தவனும் நான்தான். வீட்டில் ஆராவது கோபப்பட்டால் உடனே ஒரு பகிடி விட்டு அணைத்துவிடுவேன், அதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். உன் கோபங்கள் எல்லாவற்றையும் நான் அப்படித்தான் வாய்க்கு வர முதலே அணைத்திருக்கிறேன்.

கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் சித்தப்பாவின் பிள்ளைகள் அந்தக் கதையைக் கட்டாயம் கேட்பார்கள். எழுந்து நின்று, அந்தக் கோட்டைப் போட்டது நான், பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னதும் நான் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அதையும் உன்னைக் கேட்காமல் செய்யப்போவதில்லை. உன் கதையை உன்னைக் கேட்காமல் ஊரெல்லாம் சொன்னவன் நான். கல்யாண நாளில் இது வேண்டாம் என்றால் வேண்டாம். சொல்லத்தான் வேண்டும் என்றால் மேடையிலேயே சொல்கிறேன். நீ சொல்வதுதான்.

இந்தக் கடிதத்தை உன் கைப்பைக்குள் வைத்துவிட்டு வருகிறேன். வாசித்த பிறகு எனக்காகச் சிரித்துக்கொண்டு இறங்கி வராதே. பரவாயில்லை அப்பா என்று சொல்லவும் வேண்டாம், பரவாயில்லை என்று விடக்கூடிய காரியம் இல்லை நான் செய்தது. அந்த வயதில் உனக்கு என்ன கோபம் வந்ததோ அது எங்கேயாவது இருக்கும், அதைக் கொண்டு வா. பின்னேரம் முழுக்க ஒருத்தரையும் கடைக்கு வரச் சொல்லவில்லை. மெஷினையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ கத்தலாம், அழலாம், ஒன்றும் சொல்லாமல் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். எவ்வளவு நேரம் என்றாலும் நில். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அப்பா